'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சூப்பர் ஹீரோ படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று என்னைக் கேட்டால், ஒரு குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் காட்சியைத்தான் சொல்வேன். மகனுக்காக இறைச்சியைத் துண்டு போடும் அப்பா தட்டையும் மேசையையும் சேர்த்தே வெட்டிவிடுகிறான். பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். அம்மாவின் கைகள் இரண்டு பக்கமும் நீண்டுபோய் ஆளுக்கொருவராகப் பிடித்து இழுக்கின்றன. கைக்குழந்தை இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறது. 2004 நவம்பரில் வெளியான 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தின் உயிர் இந்த ஒரு மேசையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதில் வரும் எல்லாச் சக்திகளையும் பிடுங்கிவிட்டாலும் இந்தக் குடும்பத்தின் கதை நிற்கும். பின்னால் வரும் ஏவுகணையும் எந்திர அரக்கனும் இந்த மேசையில் ஆரம்பித்த தகராற்றின் தொடர்ச்சிதான்.

அதை நீங்களே கண்டுபிடிக்கும்படி, படத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு முறையை இங்கே தருகிறேன். திரைக்கதை எழுதப் பழகுபவர்களுக்கும், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படத்தைப் பற்றிப் பேச விரும்பும் பெற்றோருக்கும் இது பயன்படும். கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படத்தை இதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடருங்கள்.

தொடங்குவதற்கு முன் சில தகவல்கள். இது பிக்ஸார் என்ற அனிமேஷன் நிறுவனத்தின் ஆறாவது முழுநீளப் படம். எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட். அதுவரை பிக்ஸாரின் படங்களை அதன் உள்ளே வளர்ந்தவர்களே இயக்கிவந்தார்கள். வெளியிலிருந்து வந்து இயக்கிய முதல் ஆள் இவர்தான். வரும்போது தன்னோடு வேலை செய்த ஓவியர்கள் சிலரையும் அழைத்துவந்தார். ஒருபக்கம் படம் எடுக்கும் வேலை, மறுபக்கம் மனைவி பிள்ளைகள். இரண்டில் ஒன்றுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற கவலையில் அவர் இருந்த 1990களில் இந்தக் கதை முளைத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், பாப் பார் என்ற அந்தப் பருத்த நடுவயது மனிதனின் முகம் வேறு மாதிரி தெரியும்.

படி 1: முதல் முறை சும்மா பாருங்கள்

படம் 115 நிமிடம். குறிப்பேடு வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் வேண்டாம். எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் பயந்தீர்கள் என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும்.

சிறு பிள்ளைகள் உடனிருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தணிக்கை முறையில் 'பெற்றோர் துணையோடு' என்ற சான்று பெற்ற முதல் பிக்ஸார் படம் இது. ஆரம்பத்திலேயே ஒருவன் மாடியிலிருந்து குதித்துச் சாக முயல்கிறான். பிறகு, தன் குடும்பமே அழிந்துவிட்டதாக நம்பும் ஒரு தகப்பன் ஆத்திரத்தில் ஒரு பெண்ணின் உயிரை எடுக்கும் அளவுக்குப் போகிறான். ஐந்து வயதுக் குழந்தைக்கு இவை கனமானவை. என் மகளுக்கு ஏழு வயதானபோதுதான் முழுதாகக் காட்டினேன்.

படி 2: தொடக்கப் பேட்டியை எழுதி வையுங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது குறிப்பேடு எடுங்கள். படம் ஒரு பழைய தொலைக்காட்சிப் பேட்டியோடு தொடங்குகிறது. புகழின் உச்சியில் இருக்கும் மிஸ்டர் இன்கிரெடிபிள், அதாவது பாப், சட்டையில் மாட்டிய ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டுகிறான். உலகத்தை எத்தனை முறை காப்பாற்றினாலும் அது மறுபடி ஆபத்தில் போய் மாட்டிக்கொள்கிறது என்று சலித்துக்கொள்கிறான். எங்காவது அமைதியாகக் குடும்பம் நடத்தலாமா என்றுகூடத் தோன்றுகிறதாம். அடுத்து வரும் எலாஸ்டிகேர்ள், பின்னாளில் அவன் மனைவியாகும் ஹெலன், இதற்கு நேர் எதிராகப் பேசுகிறாள். உலகத்தைக் காப்பாற்றுவதை ஆண்களிடம் விட்டுவிட்டு நான் ஒதுங்குவதா, நடக்காது என்கிறாள்.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, சக்திகளை மறைத்து வாழ வேண்டிய நிலையில் என்ன நடக்கிறது? குடும்பம் வேண்டும் என்றவன் குடும்பத்துக்குள் மூச்சுத் திணறுகிறான். ஒதுங்க மாட்டேன் என்றவள் அந்தக் குடும்பத்தைக் கட்டிக் காக்கிறாள். இந்தத் தலைகீழ் மாற்றத்தை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. நாம்தான் கவனிக்க வேண்டும்.

'நான் தனியாகத்தான் வேலை செய்வேன்' என்ற பேச்சையும் குறித்துக்கொள்ளுங்கள். தன்னோடு சேர்ந்துகொள்ள ஓடிவரும் 'படி' (Buddy) என்ற சிறுவனிடம் பாப் அதைத்தான் சொல்லித் துரத்துகிறான். கடைசிப் படியில் இதற்குத் திரும்பி வருவோம்.

படி 3: சக்திகளைக் கழித்துவிட்டு ஆட்களை எழுதுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் சக்தி, மறுபக்கம் அந்த ஆள் வீட்டில் யார் என்பது. வீட்டுப் பாரத்தைத் தூக்க வேண்டியவன் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் அப்பாவுக்கு உடல் வலிமை. நாலு பக்கமும் இழுக்கப்படும் அம்மாவுக்கு ரப்பர்போல நீளும் உடல். யார் கண்ணிலும் படக்கூடாது என்று தலைமுடிக்குள் ஒளியும் பதின்வயது மகள் வயலெட் மறைந்துபோவாள், தன்னைச் சுற்றி அரணும் எழுப்புவாள். ஒரு நிமிடம் உட்கார முடியாத பையன் டாஷுக்கு வேகம். ஜாக்-ஜாக் கைக்குழந்தை, அவனுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

குணத்தை முதலில் வைத்து அதிலிருந்து சக்தியை எடுத்திருக்கிறார் பேர்ட். பல சூப்பர் ஹீரோ கதைகள் சக்தியிலிருந்து தொடங்கிப் பிறகு அதற்கு ஒரு மனிதனைத் தேடுகின்றன. நீங்கள் கதை எழுதுபவராக இருந்தால், உங்கள் பாத்திரங்களையும் இதே தாளில் போட்டுப் பாருங்கள். இரண்டாம் பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பாத்திரம் இன்னும் பிறக்கவில்லை.

படி 4: சாப்பாட்டு மேசையை நான்கு முறை பாருங்கள்

மேசைக் காட்சியில் ஒவ்வொரு முறையும் ஒருவரை மட்டும் பாருங்கள். முதலில் பாப். டாஷ் ஆசிரியரின் நாற்காலியில் ஆணி வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டான் என்று ஹெலன் கவலையோடு சொல்கிறாள். எவ்வளவு வேகமாக ஓடினாய் என்று அவன் ஆர்வமாகக் கேட்கிறான். அதன்பின் கையில் செய்தித்தாள். காணாமல் போன பழைய தோழன் ஒருவனைப் பற்றிய செய்தியில் மூழ்கி, அடுக்களையில் நின்று படிக்கிறான். இரண்டாவதாக ஹெலன்: ஒருத்தியாக எல்லோரையும் சமாளித்து, முடியாமல் கணவனைக் கூப்பிடுகிறாள். அவன் வந்து செய்வது என்ன? ஆட்களோடு சேர்த்து மேசையைத் தூக்குகிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பிறகு வயலெட்டையும் டாஷையும் பாருங்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் பெயரைச் சொல்லித் தம்பி சீண்டுகிறான், அக்கா பாய்கிறாள். ஓடுபவனுக்கு முன்னால் அரண் எழுகிறது, மோதி விழுகிறான்.

அழைப்பு மணி அடிக்கிறது. ஒரே நொடியில் எல்லோரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் குடும்ப நண்பன் லூசியஸ். வெளியாருக்குக் காட்டும் முகமும் உள்ளே இருக்கும் முகமும் வேறாக இருக்கிற ஒரு வீட்டை இத்தனை சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதே மனநிலையில் அந்த இரவுச் சண்டையையும் பாருங்கள். திருட்டுத்தனமாக ஆட்களைக் காப்பாற்றிவிட்டு வீடு திரும்பும் பாப்பின் கோட்டில் இடிபாட்டுத் துகள் இருக்கிறது. ஒரு கள்ளத் தொடர்பு பிடிபடும் காட்சிபோலத்தான் இது நடக்கிறது. மகனின் பள்ளி விழாவுக்கு நீ வர வேண்டும் என்கிறாள் ஹெலன். நாலாம் வகுப்பிலிருந்து ஐந்துக்குப் போவதற்கு ஒரு விழாவா என்று அவன் வெடிக்கிறான். இது உன்னைப் பற்றிய விஷயம் இல்லை என்று சொல்லும்போது அவள் உடல் அவன் உயரத்துக்கு எழும்புகிறது. பிள்ளைகள் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் சண்டையை ஒளிந்து கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இடத்தில் சக்தி, முகமூடி எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

படி 5: ஒரு தையலைப் பின்தொடருங்கள்

திரைக்கதை படிப்பவர்கள் இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். படத்தின் நடுப்பகுதி முழுவதும் ஒரு கிழிசலில் தொங்குகிறது.

காப்பீட்டு நிறுவன வேலையைப் பறிகொடுத்த பாப், அதை மனைவியிடம் மறைக்கிறான். மிராஜ் என்ற பெண் கொண்டுவந்த ரகசிய வேலைக்காக ஒரு தீவுக்குப் போகிறான். அங்கே ஆம்னிட்ராய்டு என்ற எந்திரத்தோடு மோதும்போது பழைய உடுப்பு கிழிகிறது. தைப்பதற்காக எட்னா மோடிடம் கொண்டுபோகிறான். உடுப்பு வடிவமைப்பில் மேதையான எட்னா சும்மா தைத்துக் கொடுப்பவள் அல்ல. புதிய உடுப்பே செய்கிறாள், அவனுக்குச் சொல்லாமல் குடும்பம் முழுவதற்கும் செய்கிறாள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியையும் வைக்கிறாள். பழைய உடுப்பின் கிழிசலையும் தைத்துவிடுகிறாள்.

வீட்டில் ஹெலன் கணவனின் கோட்டில் வேறொரு பெண்ணின் முடியைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் பழைய உடுப்பில் அந்தத் தையலைக் கவனிக்கிறாள். அப்படித் தைக்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். எட்னாவுக்குத் தொலைபேசி செய்கிறாள். அங்கே போன பிறகுதான், கணவனின் வேலை போய் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று தெரிகிறது.  அந்தக் கருவியின் பொத்தானை அழுத்துகிறாள். அதே நேரத்தில் தீவில் எதிரியின் கணினி அறையில் ஒளிந்திருக்கும் பாப்பின் உடுப்பு சத்தம் போடுகிறது. பிடிபடுகிறான்.

இந்தச் சங்கிலியில் தற்செயல் என்று எதையாவது காட்ட முடிகிறதா என்று தேடுங்கள். ஆபத்தின் உச்சம் ஒரு மனைவியின் சந்தேகத்தால் நேர்கிறது, அந்தச் சந்தேகம் கணவனின் பொய்யால் வந்தது. ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுத்தது வில்லனின் அறிவு அல்ல. ஒற்றர் கதையும் மண வாழ்க்கையின் கதையும் ஒரே நூலில் தைக்கப்பட்டிருக்கின்றன.

எட்னாவின் வீட்டில் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் குறியுங்கள். முதுகில் தொங்கும் துணி கூடவே கூடாது என்று அவள் அடம்பிடிக்கிறாள். அந்தத் துணியால் செத்துப்போன பழைய வீரர்களின் பட்டியலை வேகமாக ஒப்பிக்கிறாள். விழுந்து விழுந்து சிரிக்கிறோம். வில்லன் சிண்ட்ரோம் முதுகில் அந்தத் துணியோடு திரிவது முழுப் படத்திலும் நம் கண்முன் இருக்கிறது. விமானச் சுழலி அந்தத் துணியை இழுக்கும்போதுதான் அந்த நகைச்சுவை எதற்கு என்று புரிகிறது. எட்னாவுக்குக் குரல் கொடுத்தவர் இயக்குநர் பேர்ட்தான் என்பது பலரை ஆச்சரியப்படுத்தும்.

படி 6: விமானம், குகை, காடு

இந்த மூன்றையும் இடைவெளி இல்லாமல் பாருங்கள். ஹெலன் ஓட்டும் விமானத்தை ஏவுகணைகள் துரத்துகின்றன. பிள்ளைகள் திருட்டுத்தனமாக ஏறியிருக்கிறார்கள். விமானத்தைச் சுற்றி அரண் போடு என்று மகளிடம் கத்துகிறாள். வயலெட்டால் முடியவில்லை. எப்படி முடியும்? பிறந்ததிலிருந்து சக்தியைப் பயன்படுத்தாதே, மறைத்து வை என்று சொல்லி வளர்த்தவள் இதே அம்மாதானே. விமானம் வெடிக்கும்போது தன் உடலையே பிள்ளைகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறாள், பிறகு அதுவே வானிலிருந்து இறக்கும் குடையாகிறது. கடலில் அவள் படகாக, டாஷின் கால்கள் எந்திரமாகின்றன. என் மகள் இங்கே என்னிடம் கேட்டது: "அவள் ஏன் அக்காவைத் திட்டினாள்?" அதற்கான பதில் குகையில் வருகிறது.

குகையில் ஹெலன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறாள்: திடீரென்று அவ்வளவு பெரிய காரியத்தை உன்னிடம் கேட்டது நியாயமில்லை. இவர்கள் நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கெட்டவர்கள் மாதிரி இல்லை, சின்னப்பிள்ளை என்று விடமாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்றும் சொல்கிறாள். குழந்தைகள் பார்க்கும் படத்தில் ஒரு தாய் இப்படி நேராகப் பேசுவதை மதிக்கிறேன். இந்த வரிக்குப் பிறகு ஒவ்வொரு துரத்தலும் நம் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து காடு. டாஷ் உயிருக்காக ஓடுகிறான். ஓடிக்கொண்டே குனிந்து பார்த்தால் காலடியில் தண்ணீர். தண்ணீர் மேல் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனிடமிருந்து ஒரு சிரிப்பு வெளிப்படுகிறது. இதுவரை யாரும் அவனை முழு வேகத்தில் ஓட விட்டதில்லை. பிறகு அக்காவின் அரண் ஒரு பந்தாகிறது, உள்ளே தம்பி ஓட அது எதிரிகளை இடித்துக்கொண்டு உருள்கிறது. சாப்பாட்டு மேசையில் அவன் மோதி விழுந்தது இதே அரணில்தான்.

படி 7: சிண்ட்ரோமோடு வாதம் செய்யுங்கள்

இந்த இடத்தில் எனக்கும் முழுத் தெளிவு இல்லை, ஆனாலும் தவிர்க்கக்கூடாத படி. கருவிகளை எல்லோருக்கும் விற்று, எல்லோரும் சூப்பர் ஆகிவிட்டால் யாருமே சூப்பர் இல்லை என்கிறான் சிண்ட்ரோம். இதே கருத்தைப் படத்தின் முற்பகுதியில் காருக்குள் சின்னப் பையன் டாஷ் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: எல்லோரும் சிறப்பானவர்கள் என்றால் யாரும் இல்லை என்றுதானே பொருள்? நாயகனின் மகனும் வில்லனும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

பிறவியிலேயே மேலானவர்களுக்கு வழிவிட வேண்டும் என்கிற படம் இது என்று குறைசொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். பின்னாளில் சிண்ட்ரோம் ஆன 'படி' (Buddy) எந்தப் பிறவிச் சக்தியும் இல்லாமல் அறிவால் பறக்கும் காலணி செய்த சிறுவன். அவனை அவமானப்படுத்தி அனுப்பியது பாப். அந்தத் தவற்றைப் படம் மறைக்கவில்லை, அதிலிருந்துதான் வில்லனையே உருவாக்குகிறது. ஆனால் அவனுக்கு வேறொரு வழி இருந்திருக்குமா என்று யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. கடைசியில் டாஷ் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்கிறான். முதலாவதாக வராதே, இரண்டாவதாக வா என்று பெற்றோர் கூட்டத்திலிருந்து கத்துகிறார்கள். அது சமரசமா, மறுபடியும் ஒளித்துவைப்பதா? வீட்டில் பிள்ளைகளிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள் வந்தன.

படி 8: ஒலியை அணைத்துப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள்

ஒலி இல்லாமல் பாப்பின் அலுவலகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம், தாழ்ந்த கூரை, உடல் அடங்காத ஒரு தடுப்பறை, அவனைவிடச் சிறியதோ என்று தோன்றும் கார். பிறகு தீவு: திறந்த வானம், சிவப்பும் பச்சையும். மனிதனின் மனநிலையை வண்ணமும் இடமும் சொல்லிவிடுகின்றன. காலம் 1960களின் தொடக்கம். வீடுகளும் நாற்காலிகளும் அந்தக் காலத்தவர் கற்பனை செய்த எதிர்காலம்போல இருக்கின்றன.

பொம்மை, பூச்சி, அரக்கன், மீன் என்று கதை சொல்லிவந்த பிக்ஸாருக்கு, எல்லா முக்கியப் பாத்திரங்களும் மனிதர்களாக அமைந்த முதல் படம் இது. தோல், தசை, துணி, நீர், நெருப்பு என எல்லாமே சிக்கல். வயலெட்டின் நீண்ட கூந்தல் மிகக் கடினமானவற்றில் ஒன்று. அந்தப் பெண் ஒளிந்துகொள்வதே கூந்தலுக்குள் என்பதால் அதை வெட்டிக் குறைக்கவும் முடியாது. உருவங்களை அச்சு அசலாக ஆக்காமல் கேலிச்சித்திர வளைவோடு விட்டது நல்ல முடிவு. இருபது ஆண்டுகள் கழித்தும் முகங்கள் பழசாகத் தெரியவில்லை.

கண்ணை மூடிக் கேட்டால் மைக்கேல் ஜியாக்கினோவின் பித்தளை வாத்தியங்கள் முன்னால் வருகின்றன. பழைய ஒற்றர் படங்களின் வாடை வர வேண்டும் என்று முயன்று செய்த இசை அது. டாஷுக்குக் குரல் கொடுத்த சிறுவன் ஸ்பென்சர் ஃபாக்ஸை ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போது பதிவு செய்தார்கள். வயலெட்டின் குரல் சாரா வவல். வானொலியில் அவர் பேசுவதைக் கேட்டுத்தான் பேர்ட் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஆஸ்கர் விருதுகளில் ஒன்று சிறந்த அனிமேஷன் படத்துக்கு, மற்றொன்று ஒலித் தொகுப்புக்கு. மூலத் திரைக்கதைக்கும் பரிந்துரை கிடைத்தது. அந்த விருதும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

படி 9: எதை நீக்கினார்கள் என்று பாருங்கள்

குறுந்தகடு கிடைத்தால் நீக்கப்பட்ட காட்சிகளைப் பாருங்கள். முதல் வடிவத்தில் சிண்ட்ரோம் தொடக்கத்தில் வந்து மறையும் சிறு எதிரி. முக்கிய வில்லன் வேறொருவன். விமானத்தை ஸ்னக் என்ற விமானி ஓட்டுவதாகவும் அவன் இறப்பதாகவும் இருந்தது. இப்போது ஸ்னக் ஒரு தொலைபேசி அழைப்பில் வரும் பெயர் மட்டும். விமானம் ஹெலனின் கைக்கு வந்தது. அந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் படி 6இல் பார்த்த தாய்க்கும் மகளுக்கும் இடையிலான நிமிடம் இதே கூர்மையோடு இருந்திருக்காது.

2018இல் வந்த இரண்டாம் பாகத்தையும் இதோடு ஒப்பிடலாம். ஹெலன் வேலைக்குப் போகிறாள், பாப் வீட்டில் குழந்தை பார்க்கிறான். உலக அளவில் 120 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பாப் தூக்கமில்லாமல் கணக்குப் பாடம் கற்றுக்கொள்ளும் இடம் நன்று. வில்லன் பகுதி முதல் படத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

படி 10: மறுபடி 'தனியாக'

கடைசிச் சண்டைக்கு முன்னால், குடும்ப வண்டிக்குப் பக்கத்தில் பாப் ஹெலனிடம் நீ பிள்ளைகளோடு இங்கேயே இரு, இதை நான் தனியாகச் செய்ய வேண்டும் என்கிறான். அவள் மறுக்கும் சொற்கள் தொடக்கப் பேட்டியில் சொன்ன அதே சொற்கள். உங்கள் குறிப்பேட்டைத் திருப்பிப் பாருங்கள். இது உனக்கு விளையாட்டா, பழைய புகழ் வேண்டுமா என்று கேட்கிறாள். இல்லை என்கிறான். பிறகு என்ன? உன்னை இன்னொரு முறை இழந்தால் தாங்கும் அளவுக்கு எனக்கு வலு இல்லை என்கிறான். ரயிலைத் தடுத்து நிறுத்தியவன் சொல்கிறான் இதை.

இதற்குப் பிறகு தொடக்கக் காட்சியையும் முடிவுக் காட்சியையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். தொடக்கத்தில் பாப் ஓடும் காருக்குள் ஒற்றை ஆளாக உடை மாற்றிக்கொள்கிறான். முடிவில் பள்ளி மைதானத்துக்கு வெளியே தரை பிளந்து புதிய எதிரி கிளம்புகிறான். பாப் சட்டையைத் திறப்பதற்குள் பக்கத்தில் மூன்று பேர் முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வயலெட்டைப் பாருங்கள்: கூந்தல் காதுக்குப் பின்னால் இருக்கிறது, முகம் முழுவதும் தெரிகிறது.